திரும்பத் திரும்ப வரும் வாடை

"உங்க மாத்திரைக்கு என் புருசனக் கண்டா பயம், டாக்டரம்மா" என்றாள் ஜெசிந்தா.

டாக்டர் அகல்யா பேனாவை மூடி வைத்தாள். ஜெசிந்தாவைவிடப் பத்து வயதாவது சின்னவள். மருந்தைத் தாராளமாகக் கொடுப்பாள், பேச்சைத்தான் கிள்ளிக் கொடுப்பாள் என்று அந்தக் கடற்கரை ஊரில் அவள்மேல் ஒரு குறை உண்டு.

"விவரமாச் சொல்லுங்கக்கா."

"கீழ வாடை அடிக்கி. நீங்க மாத்திரை தாறீங்க, போயிருது. அவரு கடல்ல கெடக்க வரைக்கும் நல்லா இருக்கேன். அவரு கரைக்கு வந்தாருன்னா அதுவும் பின்னாலயே வந்து நிக்கி."

"ம்."

"கருவாட்டு வாடைன்னு மட்டும் சொல்லிராதீங்க. கல்யாணமான நாள்லருந்து கருவாடு காயப்போடுதேன். எது மீன்லருந்து வருது, எது என்கிட்டருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

அகல்யா அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பரிசோதித்தாள். வெளியே வந்து கை கழுவினாள்.

"பழைய ஆள்தான்" என்றாள். "பாக்டீரியல் வஜைனோசிஸ்."

"அதை யாரு கொண்டாந்தது?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த மனுசன வெளிய பெஞ்சில உக்கார வச்சிருக்கேன்" என்றாள் ஜெசிந்தா. "போற துறைமுகத்துல எவ கூடயோ சகவாசம்னு நீங்க ஒத்த வார்த்தை சொல்லுங்க. இன்னைக்கே அவரு துணிமணியத் தூக்கி வெளிய எறிஞ்சிருதேன்."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. புருஷன் பெனடிக்டை அவளுக்குப் பிடிக்கும். பிடிக்காத புருஷன் என்றால் துணி எப்போதோ தெருவுக்கு வந்திருக்கும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டா எறிவாள்?

"சொல்ல முடியாது" என்றாள் அகல்யா.

"ஏன்?"

"இந்த நோய் யாரைப் பத்தியும் சாட்சி சொல்லாது. ஒழுங்கா இருக்கவங்களுக்கும் வரும்."

"அப்போ அவரு மேல தப்பு இல்ல."

"இதை வச்சுத் தப்பு இருக்குன்னு சொல்ல முடியாது."

"அப்போ நான்தான் அசிங்கமா இருக்கேனா?"

"இல்லை."

"அவரும் இல்ல, நானும் இல்ல. பேயா பிடிச்சிருக்கு?"

அகல்யா சிரிக்கவில்லை. "அங்கே நல்ல கிருமி ஒரு கூட்டம் குடியிருக்கும்க்கா. அது குறைஞ்சா மத்தது பெருகும். அப்போ வாடை வரும். மாத்திரை பெருகினதை அடிக்கும். நல்லதை அது திருப்பி நட்டு வைக்காது. அது தானா வளரணும்."

"எப்போ வளரும்?"

"சில பேருக்குச் சீக்கிரம். சில பேருக்கு மாசக்கணக்கா ஆகும். அதுக்குள்ள பாதிப் பேருக்கு மேல திரும்ப வந்துடும்."

ஜெசிந்தாவுக்குக் குழம்பிப் போனது. வைத்தியம் பார்க்கிறவளே திரும்ப வரும் என்கிறாள். பிறகு எதற்கு இந்த மருந்து, எதற்கு அந்த வெள்ளைக் கோட்டு?

"இந்தத் தடவை என்ன தருவீங்க?"

"முதல்ல மாத்திரை. ரெண்டு மூணு நாள்ல வாடை போயிடும். போயிடுச்சேன்னு நிறுத்திடாதீங்க, முழுசா முடிக்கணும். வாயில இரும்பைச் சப்பின மாதிரி இருக்கும். குமட்டும். சாப்பிட்டுட்டுப் போடுங்க. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை உள்ளே வைக்கிற ஜெல். நாலஞ்சு மாசம்."

"அதோட போயிருமா?"

"பல பேருக்கு அடங்கி இருக்கும். நிறுத்தின பிறகு சில பேருக்கு வரும். நடுவுல அரிப்பு எடுத்து, தயிர்த்திப்பி மாதிரி வெள்ளைப்பட்டா அது வேற நோய். அப்போ பொறுக்காம உடனே வாங்க."

"தெளிவாக் கேட்டா இன்னும் கொழப்புதீங்களே, டாக்டரம்மா!"

"உங்க வீட்டுக்காரருக்கும் மாத்திரை எழுதறேன். ஒரு களிம்பும்."

ஜெசிந்தா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "பாத்தீங்களா! குத்தம் இல்லாதவனுக்கு எதுக்கு மருந்து?"

"கிருமி ரெண்டு பேருக்கும் நடுவுல போய் வரலாம். அதுக்குத்தான். தண்டனை இல்லை." அகல்யா எழுதிக்கொண்டே சொன்னாள். "மருந்து முடியற வரைக்கும் ரெண்டு பேரும் சேராம இருங்க. அவர் குடியையும் தொடக்கூடாது."

குடியைத் தொடக்கூடாது என்றது மட்டும் ஜெசிந்தாவுக்குத் தெளிவாகப் புரிந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உட்கார்ந்தாள்.

"ஆனா அவரு வந்தாத்தானே வருது" என்றாள், விடாமல்.

அகல்யா பேனாவை நிறுத்தினாள்.

"அவர் கரைக்கு வர்ற அன்னிக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? மீன் கொழம்பு வைப்பேன்."

"அப்புறம்?"

ஜெசிந்தா கதவைப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. இருந்தும் குரலைத் தணித்தாள்.

"கழுவுவேன்."

"எப்பவும் கழுவறதுதானே?"

"அது வெளிய. அன்னைக்கு உள்ளயும். பல நாள் கழிச்சு வாற மனுசன், மொகஞ் சுளிச்சிரக் கூடாதுல்லா? ஒரு சிரிஞ்சி வச்சிருக்கேன். வெதுவெதுன்னு தண்ணி, அதுல கல்லுப்பு. ரெண்டு கை. கரையுத வரைக்கும் கலக்கி அடிச்சிருவேன். அவரு இருக்க வரைக்கும் தெனமும்."

"எரியாதா?"

"எரியும். எரிஞ்சாத்தானே கேக்கும்."

வெளியே யாரோ இருமினார்கள். பெனடிக்டின் இருமல்தான் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

"உப்பு எதுக்குக்கா?"

"நல்லா கேட்டீங்க. எங்க தொழிலே அதுதானே. உப்புப் போட்டா அழுகாது, வாடை ஏறாது, புழு வைக்காது. ஒண்ணும் வளராது."

"ஒண்ணுமேவா? நல்லதுமா?"

"ஒண்ணுமே."

"உயிரோட இருக்க மீனுக்கு உப்புப் போடுவீங்களா?"

"அதுக்கு எதுக்குப் போடணும்? செத்த மீனுக்குத்தான்..."

ஜெசிந்தாவின் வாய் அப்படியே நின்றது.

அகல்யா மருந்துச் சீட்டைக் கிழித்து அவள் கையில் வைத்தாள். மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

ஜெசிந்தா வெளியே வந்தாள். தீர்ப்புக்குக் காத்திருந்தவனைப் போல பெனடிக்ட் சட்டென்று எழுந்து நின்றான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"என்னளா சொன்னாங்க?"

அவள் அவனைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது.

"நான் இன்னும் உசுரோடதான் இருக்கேனாம்."