கேன் ஏன் கரையவில்லை?

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வீட்டுக் குப்பையிலிருந்து சாப்பாட்டுக் கழிவைப் பிரித்தெடுத்துப் பயோகேஸ் தொட்டியில் போடுவது மாராத்தாளின் வேலை.

ஒருநாள் சங்கக் கூட்டத்துக்கு ஜெகதீசன் என்ற விற்பனையாளர் கோட்டும் டையுமாக வந்தார். மேசைமேல் பெரிய கேன் ஒன்றை வைத்தார்.

"இது என்சைம். தொட்டியில் ஊற்றினால் கேஸ் இரண்டு மடங்கு வரும். இனிமேல் குப்பையைப் பிரிக்கவே வேண்டாம். சோறோ பிளாஸ்டிக்கோ, எதுவானாலும் கரைத்துவிடும்!"

சங்கத் தலைவர் வேலுச்சாமி, ஓரமாக நின்ற மாராத்தாள் பக்கம் திரும்பினார். "அப்புறமென்ன மாராத்தா, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

வீட்டில் அவள் புருஷன் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறான். மேசையருகே போய்க் கேனைத் தட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, இந்தக் கேன் எதுல செஞ்சதுங்க?"

"பிளாஸ்டிக்தான்."

"மருந்து உள்ளயேதான இருக்குது? பின்ன கேன் ஏனுங்க கரையல?"

கூட்டம் சிரித்தது. ஜெகதீசன் தடுமாறினார். "இது கெட்டிப் பிளாஸ்டிக்மா. இதெல்லாம் கரையாது."

"கெட்டிப் பிளாஸ்டிக்கும் குப்பையில வருமுங்க. அத ஆருங்க பொறுக்கறது?"

ஜெகதீசன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. நீ வழக்கம்போல வா."

கேஸ் கூடுமே என்று என்சைமையும் வாங்கத்தான் செய்தார்கள். மாராத்தாள் பிரித்துப் போட்ட சோறும் காய்த்தோலும் அதில் சீக்கிரமே செரித்தன, கேஸ் கூடியது. தொட்டிக்கு இன்னும் நிறையக் கழிவு தேவைப்பட்டது. அதைப் பிரிக்க மாராத்தாளுக்குத் துணையாக இன்னோர் ஆளையும் வேலைக்கு வைத்தார்கள்.