ஐம்பத்தொன்பது ரன் குறைவு

"டீச்சர், ஞாயித்துக்கிழமை விழாவுக்கு நான் வரல. எனக்கு மாலையும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம்" என்றான் சேர்மத்துரை.

ரெஜினா டீச்சர் மைதானத்தில் பயிற்சி வலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். இருபது வயதில் அவனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது. தூத்துக்குடியில் பத்தொன்பது வருஷம் லீக் கிரிக்கெட் ஆடிவிட்டு ஓய்வு பெறுகிறான்; அதற்குத்தான் பாராட்டு விழா.

விழாவுக்குப் புதுச்சட்டை எடுத்ததோடு அவன் நின்றிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, பழைய ஸ்கோர் புத்தகங்களை எல்லாம் வாங்கி வந்து மூன்று நாள் கால்குலேட்டரைத் தட்டினான்.

மொத்தம் நாலாயிரத்து நூற்று எண்பத்தாறு ரன். அவுட் ஆனது நூற்றைம்பது தடவை. சராசரி 27.9.

லீக்கில் ஆடிய எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 28.3. அதைத் தொட நாலாயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து ரன் வேண்டும்.

"அம்பத்தொம்பது ரன்னு கம்மி டீச்சர். இத்தன வருஷம் ஆடியும் சராசரி ஆளு அளவுக்குக்கூட நான் தேறல. என் ஆட்டமே வீண்தான?"



டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. நாலும் ஆறும் போக, ஓடி எடுத்தது எவ்வளவு என்று கேட்டார்.

அதையும் அவன் எண்ணி வைத்திருந்தான். இரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தாறு.

"அதுல ஒண்ணு ஓடிக் காட்டு."

கேலி செய்கிறாரோ என்று பார்த்தான். டீச்சருக்கும் கேலிக்கும் வெகுதூரம். மட்டையை எடுத்துக்கொண்டு இந்த ஸ்டம்பிலிருந்து அந்த ஸ்டம்புக்கு ஓடி, கோட்டைத் தாண்டி மட்டையை ஊன்றினான்.

"இது சேராது" என்றார் டீச்சர். "திரும்ப ஓடு."

இன்னும் வேகமாக ஓடினான்.

"சேராது."

மூன்றாவது தடவை விழுந்து புரண்டு கோட்டைத் தொட்டான். முழங்கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"கோட்டத் தாண்டித்தான டீச்சர் மட்டைய வச்சேன்? இதுல என்ன குத்தம்?"

டீச்சர் அவன் கிளம்பி வந்த முனையை முகவாயால் காட்டினார்.

அங்கே யாரும் இல்லை.

சேர்மத்துரை அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றான். இவன் எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்தால் போதாது, எதிர்முனையில் நிற்கிறவனும் இவன் கிளம்பிய முனைக்கு வந்து சேர வேண்டும். அப்போதுதான் அது ஒரு ரன். தெருவில் ஆடுகிற வாண்டுகளுக்குக்கூட இது தெரியும். இரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தாறு தடவை யாரோ ஒருத்தன் இவனுக்காக ஓடி வந்திருக்கிறான். புத்தகத்தில் ரன் இவன் பெயரில்தான் ஏறியிருக்கிறது.

எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன. மீராசாவின் முகம் மட்டும் நகரவே இல்லை.

மீராசா கடைசியில் இறங்குகிற பந்துவீச்சாளன். அவன் சராசரி இரண்டு. ஒரு இறுதி ஆட்டத்தில் ஒன்றரை மணி நேரம் உடம்பெல்லாம் பந்தடி வாங்கிக்கொண்டு, தனக்கு ஒரு ரன்கூட இல்லாமல் எதிர்முனையில் நின்றான்; இவன் குரல் கொடுத்தபோதெல்லாம் ஓடி வந்தான். அன்றைக்குத்தான் சேர்மத்துரை தொண்ணூற்றொன்று அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். ஊர் இவனைத் தோளில் தூக்கியது. மீராசா எல்லோருடைய பைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று இப்போது வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலே நன்றி பொங்கி வந்தது.

அங்கேயே நின்று மீராசாவுக்குப் போன் போட்டான். அந்த ஆட்டத்தைத் திக்கித் திணறி நினைவுபடுத்தினான். ஞாயிற்றுக்கிழமை மேடையில் தன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்றான். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட நன்றியையும் சொன்னான்.

மீராசா சிரித்தான்.

"நான் என்னடே செஞ்சேன்? நீ வான்னு கூப்பிட்ட. வந்தேன்."