முடிச்சில் இருந்த எள்

கப்பல் வந்து போகும் ஒரு கடலோர ஊரில் உலகம்மை என்ற துறவியின் மடம் இருந்தது. வழிப்போக்கர்கள் தங்குவதற்காக அதன் பக்கத்திலேயே ஒரு சத்திரமும் இருந்தது.

உலகம்மையின் சீடர்களில் ஆவுடையப்பன் மட்டும் அவரைவிட வயதில் மூத்தவர். ஆவுடையப்பனின் ஒரே மகன் சொரிமுத்து, பிழைக்கப் போன தீவில் இறங்கிய கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனான். பின்னால் அந்தப் பக்கம் போனவர்கள் விசாரித்து வந்து சொன்னார்கள். தீவுக்காரர்கள் அவனைத் தங்கள் வழக்கப்படி குளிப்பாட்டி, சிவப்புத் துணியில் சுற்றி, தலைமாட்டில் சிரட்டையில் தண்ணீர் வைத்துப் புதைத்தார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் ஆவுடையப்பன் வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்தார்.

அமாவாசை தோறும் எள்ளை வேட்டி முனையில் முடிந்துகொண்டு கடலுக்குப் போவார். இறைக்காமலே திரும்பி வருவார்.

ஒருநாள் குருவிடம் கேட்டார்.

"தாயே, என் பிள்ளைக்கு வாய்க்கரிசி இல்ல, கொள்ளி இல்ல. யாரோ, யார் முறையிலயோ அனுப்பி வச்சிட்டாங்க. இனிமே நான் எள்ளும் தண்ணியும் இறைச்சா அவனுக்குப் போய்ச் சேருமா?"

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இதுல பூச்சி நிறைய இருக்கு. அந்த முறத்தை இப்படி வெளிச்சத்துக்குத் தள்ளுங்க" என்றார்.

ஆவுடையப்பன் முறத்தைத் தள்ளினார்.

மழை விட்ட ஒரு காலையில், சத்திரத்தில் ஒரு வெளிநாட்டு வணிகன் இறந்துகிடந்தான். சின்ன வயசு. உடம்புக்கு முடியாமல் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டவன். கப்பலும் போய்விட்டது. அவன் பேசிய மொழி ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பெயரும் தெரியாது.

"நீங்க பார்த்துக்கோங்க ஐயா" என்றார் உலகம்மை, ஆவுடையப்பனிடம்.

சமையல் பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஊரு தெரியாது, பேரு தெரியாது, கும்பிடுற சாமியும் தெரியாது. எரிக்கப் போறியளா, புதைக்கப் போறியளா அண்ணாச்சி?"

"புதைப்போம். நாளைக்கு யாரும் தேடி வந்தா, எடுத்து அவங்க முறைக்குச் செஞ்சுக்கிடட்டும். எரிச்சுட்டா என்னத்தை எடுத்துக் குடுக்க?"

"அதுவும் சரிதான். வர்றவங்க நம்மளை ஏசுறதுக்கும் ஒரு இடம் வேணும்லா."

ஆவுடையப்பன் இறந்தவனின் கண்களை மூடினார். தாடையைத் துணியால் கட்டினார். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவரே குளிப்பாட்டினார். வெந்நீர் கொண்டுவந்த பேச்சியம்மாளுக்கு உள்ளே அவர் பேசுகிற சத்தம் கேட்டது. பானையை வாசலில் வைத்துவிட்டுத் தட்டாமல் போனாள்.

இங்கே இறக்கிவிட்ட கப்பல்காரர்கள் சொல்லி, அடுத்த கப்பலில் இறந்தவனின் அண்ணன் வந்து இறங்கினார். இந்தக் கரையில் முன்பு துணி வியாபாரம் செய்தவர், தமிழ் பேசுவார். புதைத்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மடத்துக்கு வந்தார்.

"என் தம்பிக்கு யார் செஞ்சது?"

ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

"நான்தான். உங்க வழக்கம் தெரியல. எங்க வழக்கத்துக்கு வாயில அரிசி போட்டேன். தப்பா இருந்தா மன்னிக்கணும்."

"அரிசியா?" வந்தவரின் முகம் லேசாக மலர்ந்தது. "அவன் சோறே தின்ன மாட்டான். அம்மா கெஞ்சுவாங்க."

ஆவுடையப்பன் அவர் உட்காரப் பாயை எடுத்துப் போட்டார்.

"போகட்டும். நான் ஒண்ணே ஒண்ணு கேட்கத்தான் வந்தேன்" என்றார் அண்ணன். "எங்க பக்கம், குளிப்பாட்டுறவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே குளிப்பாட்டணும். கூப்பிடலேன்னா, தான் செத்துப்போனது தெரியாம அங்கேயே நிப்பாங்களாம். நான் போனதும் அம்மா அதைத்தான் கேட்டு அழுவாங்க. இங்க அவன் பேர் யாருக்கும் தெரியாதே. பேசாமத்தான் குளிப்பாட்டியிருப்பீங்க, இல்லையா?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கூப்பிட்டேன்."

"என்னன்னு?"

"'ஏலே சொரிமுத்து, கொஞ்சம் திரும்புலே, முதுகு நனையலை' அப்படின்னேன். 'சூடா இருக்காலே?'ன்னு கேட்டேன். என்னை அறியாம வாயில வந்துட்டு."

"சொரிமுத்து யாரு?"

"என் மகன். இப்ப இல்ல."

வந்தவர் ஆவுடையப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"தம்பியை எடுக்க வேண்டாம். இங்கேயே இருக்கட்டும். அம்மாகிட்ட சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டுத் துறைக்குப் போனார்.

அன்று அமாவாசை. எள் முடிச்சோடு கிளம்பிய ஆவுடையப்பன் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"தாயே, அவர் பெருந்தன்மையா போயிட்டாரு. எனக்குத்தான் உறுத்துது. பெத்தவ வச்ச பேர் ஒண்ணு அந்தப் பையனுக்கு இருந்திருக்கும். நான் வேற பேரைச் சொல்லி அனுப்பிட்டேனே."

உலகம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் தீவுல உங்க மகனைக் குளிப்பாட்டினவருக்கும் அவன் பேர் தெரிஞ்சிருக்காது. அவர் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாரோ ஐயா?"

ஆவுடையப்பன் வேட்டி முனையில் இருந்த எள் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு அடுப்படிப் பக்கம் போய், பேச்சியம்மாளிடம் ஒரு செம்பு கேட்டார்.