சுருட்டுக்கு வந்த வழக்குகள்

நெடுமணல் கோட்டையில் காவலர்கள் திருடனுக்காகப் பதுங்கினால், திருடனுக்கு முன்னால் இருமல் வந்துவிடும். அதைக் கேட்ட திருடன் அடுத்த தெருவில் நிம்மதியாகக் கன்னம் வைப்பான். ஊரே சுருட்டுப் பிடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட காலம் அது.

"விலையை ஏற்றுங்கள் மகாராசா, கை தானாகச் சுருங்கும்" என்றான் அரண்மனை விதூஷகன் தொப்பளான். ராசா செண்பகவேலரும் சுருட்டு வரியை நாலு மடங்காக்கினார்.

பிரதானி உமைபாகருக்குப் பொறுக்கவில்லை. ஊரிலேயே பெரிய சுருட்டுக் கிடங்கு அவருடையது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சபையில் எழுந்தார்.

"மகாராசா, விலையைப் பார்த்து எவனும் சுருட்டை விடமாட்டான். வாசலைப் பாருங்கள்!"

பார்த்தார். வழக்குச் சொல்ல வந்த கூட்டம் திருவிழாக் கணக்கில் நின்றது. அத்தனை வாயிலும் புகை.

"என்னய்யா இது, தொப்பளா? நாளைக்குள் பதில் சொல். இல்லையென்றால் வரியும் போகும், உன் வேலையும் போகும்."

"நாளை எதற்கு? இப்போதே விசாரிப்போம்" என்று தொப்பளான் ஒரு வண்டிக்காரனைக் கூப்பிட்டான். "உனக்கு என்னப்பா வழக்கு?"

"என் மச்சான் என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க."

"எப்போ?"

"என் கல்யாணத்திலேங்க. இப்ப மூத்தவளுக்கே வரன் பாக்குறோம்."

அடுத்தவன் கும்பிட்டான். "பக்கத்து வீட்டுச் சேவல் என் கூரையில ஏறிக் கூவுதுங்க."

"அடைத்துவைக்கச் சொல்லட்டுமா?"

"ஐயையோ, வேணாம் சாமி! அப்புறம் நாளைக்கு எதைச் சொல்லிக்கிட்டு வர்றது?"

தொப்பளான் ராசா பக்கம் திரும்பினான். "கடைத்தெருவில் சுருட்டுக்காரர்கள் ஈ ஓட்டுகிறார்கள், மகாராசா. ஆனால் நீதி கேட்டு வருகிறவனுக்கு வெற்றிலைத் தட்டில் ஒரு சுருட்டும் வைத்து நீட்டுவது நம் அரண்மனை வழக்கம். வெளியே விலை ஏறியது. உள்ளே இன்னும் இனாம்தான்."

ராசாவின் முகம் சுண்டிப்போனது. "என் நீதியைத் தேடித்தான் வருகிறார்கள் என்றல்லவா நினைத்தேன்!"

பிரதானி விடவில்லை. "தட்டை நிறுத்தினால் அரண்மனை மரியாதை என்னாவது? நிறுத்தினாலும் காசு கொடுத்து வாங்கிப் பிடிப்பார்கள். சுருட்டு என்று வந்துவிட்டால் விலை ஒரு பொருட்டே அல்ல!"

"பொருட்டே அல்லவா, பிரதானியாரே?"

"அல்லவே அல்ல!"

"அப்படியானால் தட்டு இருக்கட்டும், மகாராசா. இன்று முதல் அதில் வைக்கும் சுருட்டைப் பிரதானியாரே கைக்காசு போட்டு வாங்கி வைக்கட்டும். சொந்தக் கிடங்குச் சரக்கானாலும் வரி கட்டித்தான் எடுக்கவேண்டும்."

"ஆகட்டும்" என்றார் ராசா.

பிரதானி வாசலைப் பார்த்தார். கூட்டம் தேர்முட்டி தாண்டி வளைந்து போயிருந்தது. அவருக்குக் குப்பென்று வியர்த்தது.

"மகாராசா, இது அநியாயம்! இந்த விலைக்கு எவனாவது சுருட்டு வாங்குவானா?"

ராசா விழுந்து விழுந்து சிரித்தார். வரி நிலைத்தது. தட்டிலிருந்து சுருட்டு போனது. ராசாவின் முத்துமாலை தொப்பளான் கழுத்துக்கு வந்தது.

மறுநாள் சபைக்கு ஒரே ஒருத்தி வந்தாள். அவள் நிலத்தை எவனோ பிடுங்கிக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் புகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.