மொட்டைத் தலைக்குச் சந்தனம்

ஆசானின் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோற்றில் கை வைக்கும் முன், அன்று யாருக்கு நன்றி என்பதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாதவர் சாப்பிடுவதில்லை.

அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். சீடன் மருதையன் மட்டும் இலை முன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து அறையில் அவன் மகள் பூவிழி படுத்திருந்தாள். ரத்தப் புற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

“சொல்லு, மருதையா,” என்றார் எதிரே இருந்த ஆசான்.

“யாருக்குய்யா சொல்ல? நோவுக்கா?”

“நோவுக்கு நன்றி சொல்றவன் அடிமை. அவனுக்கு இங்க இலை போட மாட்டேன்.” ஆசான் அறைப் பக்கம் பார்த்தார். “பிள்ளை தலையில சந்தனம் இருக்கே. நீ கோயில் வாசல் மிதிக்காதவனாச்சே.”

மருதையன் பல்லைக் கடித்தான்.

“பஸ்ல ஒரு அம்மா. மருந்துல முடி கொட்டின தலையைப் பார்த்துட்டு, எந்தக் கோயிலுக்கு மொட்டைன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. கோயிலும் இல்லை, மண்ணும் இல்லை, சாகப்போற பிள்ளைன்னு சொன்னேன்.”

“பிள்ளை காதுபடவா?”

மருதையன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

“அப்புறம்?”

“பையிலிருந்து பிரசாதச் சந்தனத்தை எடுத்தாங்க. ‘எதுக்கு மொட்டையானாலும் வெயில்ல எரியும்ல’ன்னு தடவப் பார்த்தாங்க. தட்டிவிடத்தான் கையைத் தூக்கினேன். இவ தலையை நீட்டிக் கொடுத்துட்டா. எரியுதுன்னு என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லைய்யா.”

“நீ கேட்டிருக்கியா?”

“ஆஸ்பத்திரியில கட்டில் இல்லை, மருந்து இல்லைன்னு தினமும் சண்டை. அதுக்கே பொழுது போயிடுச்சு.”

“சண்டை போட்டது தப்பில்லை,” என்றார் ஆசான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “அப்பா, காஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்சம் வேணும்.”

ஆசான் எழுந்துபோய், வேனல் கட்டிக்கு அரைத்துப் பூசும் சந்தனக் கட்டையையும் கல்லையும் கொண்டுவந்து அவன் முன் வைத்தார்.

“இதுல பிழைச்சிடுவாளா?”

“மாட்டா.”

“பிறகு எதுக்கு?”

“கேக்குறா.”

மருதையன் அரைத்தான். வழித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

“குளுகுளுன்னு இருக்குப்பா.”

கொஞ்ச நேரத்தில் பிள்ளை தூங்கும் மூச்சு கூடம்வரை கேட்டது.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். விரலெல்லாம் சந்தனம். உதடு அசைந்தது, குரல் எழவில்லை. இலையைத் தள்ளி வைத்தான்.

“சொல்ல வரலைய்யா.”

ஆசான் ஆறிய சோற்றை ஒதுக்கிவிட்டுச் சூடான சோறு போட்டார்.

“எனக்குக் கேட்டுச்சு. சாப்பிடு.”