அழுத தேவதாரு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், பனி விழும் வெண்குன்ற நாட்டை வேலவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் தலைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்கமாட்டான். "என் நாட்டில் யாரும் அழக்கூடாது" என்று ஒருநாள் சட்டம் போட்டான். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்கவே வேண்டாம்!

ஒருநாள் உலாவப் போனவன், தேவதாரு மரங்களின் பட்டையில் பிசின் சொட்டுச் சொட்டாய் வழிவதைப் பார்த்துவிட்டான்.

"என்ன இது? மரமும் அழுகிறதா?"

அமைச்சர் குலபூஷணர் இதற்காகவே காத்திருந்தார். காட்டைப் பார்த்துக்கொள்ளும் கொற்றியிடம் ராஜா யோசனை கேட்பது அவருக்கு ஆகவே ஆகாது. "கொற்றி அடிக்கிறாள், மன்னா, அதனால் அழுகிறது. என் வாசல் மரத்தைப் பாருங்கள், ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா?"

ராஜா கொற்றியை அழைத்தான். "மரத்தை அழவைத்தவனை நாளைக்குள் சபையில் நிறுத்து. இல்லையென்றால் அழும் மரத்தையெல்லாம் வெட்டிவிடுவேன். நீயும் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான்."

அவள் கைபட்டு வளர்ந்த காடு அது. ஓடிப்போய் ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்தாள். பிசின் வழிந்த இடத்திலெல்லாம் கடுகு நுழையும் அளவுக்கு ஒரு துளை. அமைச்சர் வாசல் மரத்திலும் துளைகள் இருந்தன, பிசின்தான் இல்லை. யாரோ கையால் அழுத்தித் துடைத்த தடம் தெரிந்தது. துளைகளிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது, ஊசியிலைகள் பழுத்திருந்தன. 'அட, சேதி இதுதானா!' என்று மூக்கில் விரலை வைத்தாள்.

மறுநாள் சபையில் ஒரு பிசின் உருண்டையை நீட்டினாள். உள்ளே ஒரு குட்டி வண்டு காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தது.

"இவன்தான் மகாராஜா. பட்டையைத் துளைத்து உள்ளே குடியேறப் பார்த்தான். மரம் அழவில்லை. பிசினைப் பாய்ச்சி இவனை வெளியே தள்ளி, வழியையும் அடைத்துவிட்டது."

"அப்படியானால் அமைச்சர் வீட்டு மரம்?"

"அதுவும் பிசின் விட்டதுதான். யாரோ தினமும் துடைத்துவிட்டார்கள். வழி திறந்தே கிடந்தது. வண்டு உள்ளே போய்விட்டது."

"யார் துடைத்தது?"

குலபூஷணரின் கைகள் சால்வைக்குள்ளேயே இருந்தன. கொற்றி பணிவாகக் கேட்டாள்: "அமைச்சர் ஐயா இன்னும் மன்னருக்குக் கும்பிடு போடவில்லையே?"

வேறு வழியில்லாமல் அவர் கைகூப்பினார். கூப்பிய கை கூப்பியபடியே நின்றுவிட்டது! இழுத்தார், முறுக்கினார், காலையில் துடைத்த பிசின் விடுவேனா என்றது.

"இதோ, இரண்டாவது கைதி" என்றாள் கொற்றி.

"எண்ணெய் தடவினால்தானே விடும்?" என்றான் ராஜா. "காட்டு விஷயத்தில் இனி கொற்றி சொல்வதுதான் முடிவு. அமைச்சரே, இப்படியே போய் மரத்திடம் மன்னிப்புக் கேளும். எண்ணெயைக் கொற்றி தருவாள், அவளுக்கு மனம் வந்தால்!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்த சிரிப்பில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சட்டத்தை ராஜாவுக்கு யார் நினைவுபடுத்துவது?

கொற்றிதான் கேட்டாள்: "மகாராஜா, கண்ணில் வண்டு ஏதும் புகப் பார்த்ததோ?"

அன்றோடு அந்தச் சட்டம் ஒழிந்தது. வெண்குன்றத்துப் பிள்ளைகளெல்லாம் அன்று ஆசைதீர அழுதார்கள்.