சந்தனம் பூசின ஃபேன்

ஒரு ஊர்ல ஒரு குட்டி மேசை ஃபேன் இருந்துச்சாம். ம் கொட்டுடா, இல்லன்னா பெரியம்மா கதைய நிறுத்திடுவேன். ம்... அப்படி!

அந்த வீட்ல இசக்கின்னு ஒரு அப்பா, பேச்சியம்மான்னு ஒரு அம்மா, ஒரு கைப்புள்ள. சித்திரை வெயில்ல புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஃபேன் விர்ர்ர்னு ஓடினாத்தான் தூங்கும், நின்னா வீல்! ரெண்டு நாளா புள்ளைக்கு சரியாத் தூக்கமே இல்ல. பெத்தவளுக்குப் பாவம், அழுகையே வந்துடுச்சு.

ஏன்னா ஃபேன் சூடாகுது. கொஞ்ச நேரம் விர்ர்ர், அப்புறம் வ்ர்ர்... வ்ர்... பின்னாடி தொட்டா தோசைக்கல்லு! ஒரு தீஞ்ச வாசம் வேற.

"நான் பாக்குறேன், தள்ளு"ன்னாரு இசக்கி. ஆம்பளைங்க கையில ஸ்க்ரூ டிரைவர் வந்துட்டாப் போதும், நடையே மாறிடும்! நல்லவேளை, பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் உக்காந்தாரு.

மொதல்ல இறக்கையக் கையால சுத்தினாரு. இறுக்கமா இருந்துச்சு. பாத்தா, நடுக்கம்பியில பேச்சியம்மா தலைமுடி ஒரு பந்து! "என் முடிதான் கிடைச்சுதா உங்களுக்கு?"ன்னா அவ. முடிய எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாரு. இறக்கை சுர்ர்ருன்னு சுத்துச்சு. போட்டா... மறுபடியும் சூடு. புள்ள வீல்!

அப்புறம், "கரண்ட் சரியா வரல"ன்னு அடுப்படி பிளக்குல மாட்டிப் பாத்தாரு. அங்கயும் சூடு. புள்ள வீல் வீல்! தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாவதா, மறுபடி பிளக்கைப் பிடுங்கிட்டு பேச்சியம்மா ஃபேனத் திருப்பினா. "ஏங்க, இதுக்கு மூச்சு விடுற ஓட்டையெல்லாம் எங்க?"

மோட்டார் மூடியில ஓட்டையே காணோம்! ஆயுத பூசைக்கு ஆயுத பூசை இசக்கி சந்தனத்தை அப்பு அப்புன்னு அப்பியிருக்காரு. மேல குங்குமம், அதுக்கு மேல விபூதி. காஞ்சு சுவரு மாதிரி நிக்குது.

"கொஞ்சமா வச்சா சாமி கோச்சுக்குமேன்னு..."ன்னு தலையச் சொறிஞ்சாரு.

"மூக்கை அடைச்சுட்டு ஓடச் சொன்னா, சாமியே மயங்கி விழும்!"ன்னா அவ.

அப்புறம் ரெண்டு பேரும் மூடியக் கழட்டி, ஊசியால குத்தி, பிரஷ்ஷால தேய்ச்சாங்க. சரக் சரக். ஈரம் படாமத் துடைச்சு மாட்டினாங்க. போட்டா... விர்ர்ர்ர்! எவ்வளவு நேரம் ஓடியும் பெருசா சூடே இல்ல. புள்ள கண்ணு சொக்குது... சொக்குது...

டப்! கரண்ட் போச்சு.

புள்ள உதட்டைப் பிதுக்குச்சு. அப்போ இசக்கி தொட்டில் பக்கத்துல படுத்துக்கிட்டு, விசிறியால வீசிக்கிட்டே, வாயால "விர்ர்ர்"னாரு. புள்ள நம்பிடுச்சு! அப்படியே தூங்கிடுச்சு. அப்பாவும் தூங்கிட்டாரு. விர்ர்ர் போய் கொர்ர்ர் வந்துச்சு.

அப்புறம் கரண்ட் வந்துச்சு, ஃபேன் ஓடுச்சு. ஆனா அது சத்தம் யாருக்குக் கேக்குது? வீடே கொர்ர்ர்!

பேச்சியம்மா வாயப் பொத்திச் சிரிச்சா. "ஃபேனுக்காவது சுவிட்ச் இருக்கு. இவருக்கு எங்க இருக்கு?"ன்னுட்டு, அவளும் அங்கயே சாஞ்சு, நிம்மதியாத் தூங்கிட்டா.

அவங்க மூணு பேரும் தூங்கியாச்சு. பாக்கி நீதான், கண்ண மூடுடா செல்லம்.